ஊரே சிரித்த கசட்டுக்கு விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் கிடைக்குமா?

தம்பி, முதலில் நீங்கள் கேட்டதை என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், பிசகினால் திருத்துங்கள். (கேள்வியின் தொனியை வைத்துத்தான் தம்பி என்கிறேன். மூத்தவரென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) உங்கள் மாமாவும் அவருடைய கூட்டாளிமார் இருவரும் 80களின் நடுவில் ஒரு பகிடிக் கசட் வெளியிட்டார்கள். கிழக்கிலங்கையில் திருக்கோவிலுக்கும் கல்முனைக்கும் இடையில் ஓடிய வான்களில், தேத்தண்ணீர்க் கடைகளில், கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளில் எல்லாம் அது ஓடியது. போன மாதம் அதைப்பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதினீர்கள். மூன்றாம் நாள் காலை பார்த்தால், கட்டுரையின் தலையில் குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது என்று ஓர் அறிவிப்பு. “ஊரே விழுந்து விழுந்து சிரித்த கசட்டுக்கு ஒரு பக்கம் கிடையாதா? பகிடி என்பதால்தான் இளக்காரமா?” என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்குப்பட்டுக் கிடக்கின்றன. அந்தக் கசட் நல்லதா, சனம் விரும்பியதா என்பது ஒன்று. அதைப்பற்றிக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை நிற்குமா என்பது மற்றது. முதலாவதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஊர் எப்போதோ சொல்லிவிட்டது. இரண்டாவதற்குத்தான் இந்த நீண்ட கதை. மட்டக்களப்பில் ஒரு நூலகத்தில் 20 வருடத்துக்கு மேல் பத்திரிகை, சஞ்சிகைப் பகுதியைப் பார்த்துக்கொண்டவன் நான். பத்துப் பன்னிரண்டு வருடமாக விக்கிப்பீடியாவில் எழுதியும், மற்றவர்கள் எழுதியதைத் துப்புரவாக்கியும் வருகிறேன். நிர்வாகி இல்லை, ஒரு பக்கத்தை அழிக்கும் பொத்தான் என் கையில் கிடையாது. உங்கள் மாமாவின் கசட்டை நான் கேட்டதும் இல்லை, அதன் பெயரை நீங்கள் சொல்லவும் இல்லை. ஆகவே நிற்கும், நிற்காது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எந்தப் படிக்கல்லை வைத்து நிறுக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன், நிறுத்துப் பார்ப்பது உங்கள் வேலை.

குறிப்பிடத்தக்கமை என்ற சொல்லே ஆட்களைத் தடுக்கி விழுத்துகிறது. கேட்டவுடன், உனக்கு அந்தத் தகுதி இல்லை போ என்று முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சங்கதி சாதாரணமானது. இந்தப் பொருளோடு ஒட்டும் உறவும் இல்லாத யாரோ ஒருவர், நம்பத்தக்க ஓர் இடத்தில், இதைப்பற்றி ஆற அமர இருந்து நாலு பந்தி எழுதியிருக்கிறாரா? எழுதியதை இன்று இன்னொருவர் போய்ப் பார்க்கலாமா? இவ்வளவுதான். விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர் தனக்குத் தெரிந்ததை எழுதுவதில்லை, பிறர் எழுதி வைத்ததைத் தொகுக்கிறார். தொகுக்க ஒன்றும் இல்லையென்றால் கட்டுரை அவருடைய ஞாபகமாகிவிடும். உங்கள் ஞாபகம் நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருக்கட்டும். நாளைக்கு அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வந்து, “அந்தக் கசட்டில் மூன்று பேர் இல்லை, நாலு பேர், நாலாவது ஆள் என் அப்பா” என்று மாற்றி எழுதினால் என்ன செய்வது? யார் சொல்வது சரி என்று பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் அந்த அறிவிப்புக் கேட்கிறது.

பகிடி என்பதால் இளக்காரமா என்றால், இல்லை. அமெரிக்காவில் பாப் நியூஹார்ட் என்று ஒருவர். கணக்காளராக வேலை பார்த்தவர். இரவு விடுதி மேடையில் அதற்கு முன் ஏறியதே இல்லை. 1960இல் ஹூஸ்டனில் ஒரு விடுதியில் அவர் பேசியதைப் பதிந்து போட்ட முதல் அல்பம் பில்போர்ட் இசைத்தட்டுப் பட்டியலில் முதலாம் இடத்துக்குப் போனது. ஒரு பகிடி அல்பம் அந்த இடத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம் கிராமி இசை விருது விழாவில் ஆண்டின் சிறந்த அல்பம் என்ற பரிசும், பாட்டுக்காரர்களை எல்லாம் தாண்டி, இந்தப் பேச்சுக்காரருக்குப் போனது. 1962இல் வோன் மீடர் என்பவர் ஜனாதிபதி கென்னடியின் குரலை அச்சொட்டாகப் பேசி, அவருடைய குடும்பத்தைக் கிண்டலடித்து ஓர் அல்பம் போட்டார். இலட்சக்கணக்கில் விற்றது, அதற்கும் அதே கிராமி கிடைத்தது. 1963 நவம்பர் 22ஆம் திகதி கென்னடியைச் சுட்டுக் கொன்றதும் கடைகளில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அதைக் கேட்டு யார் சிரிப்பது? ஆனாலும் அது எப்படி எழும்பியது, எப்படி ஒரே நாளில் விழுந்தது, அந்த மனிதருக்கு மறுகா என்ன ஆனது என்று பத்திரிகைகள் வருடக்கணக்காக எழுதின. ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு இதைவிட என்ன தீனி வேண்டும்? பகிடி நல்லதா கெட்டதா என்பதை ஒருவரும் அங்கே நிறுக்கவில்லை. சொல்வதற்குக் கதை இருக்கிறது, அதை வெளியாள் எழுதியும் இருக்கிறார், கட்டுரை நிற்கிறது.

நம் பக்கத்தில் பார்த்தால் இலங்கை வானொலியின் கோமாளிகள் தொடர் நாடகம் இருக்கிறது. ராம்தாஸ் எழுதியது, மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்று அதில் வந்த பெயர்களால்தான் அந்த நடிகர்களைக் கடைசிவரை சனம் கூப்பிட்டது. 1976இல் படமாகவும் வந்தது. படமானதால் இலங்கைத் தமிழ்ச் சினிமா வரலாற்றை எழுதியவர்களின் கண்ணில் பட்டது. தம்பிஐயா தேவதாஸ் அந்த வரலாற்றைப் புத்தகமாகவே எழுதி வைத்தார். கே. எஸ். பாலச்சந்திரன் பஸ் கொண்டக்டராக வந்து செய்த தனிநடிப்பும் அப்படித்தான். வானொலியில் போனது, மேடையேறியது, நேர்காணல்களில் பேசப்பட்டது. இவற்றுக்குச் சான்று தேடி நாம் நாக்குத் தள்ளத் தேவையில்லை. கசட்டோடு மட்டும் நின்றுபோனவற்றுக்குத்தான் கஷ்டம். சினிமாவுக்கு ஒருவர் இருந்து வரலாறு எழுதினார். ஈழத்துப் பகிடிக் கசட்டுகளுக்கு அப்படி ஒரு புத்தகம் இன்னும் என் கையில் அகப்படவில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் அல்பங்களுக்கென்றே ஒரு வழிகாட்டல் உண்டு. தேசியத் தரப்பட்டியலில் ஏறியதா, தங்கச் சான்றிதழ் பெற்றதா, பெரிய விருதை வென்றதா அல்லது அதற்குப் பரிந்துரைக்கப்பட்டதா, தேசிய வானொலியில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பானதா என்று அதில் கேட்கிறார்கள். இவற்றில் ஒன்று இருந்தால் கட்டாயம் கட்டுரை உண்டு என்று அங்கே சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. அந்த ‘லாம்’ முக்கியம், பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெயர் பெற்ற கலைஞர் வெளியிட்டார் என்பது மட்டும் போதாது என்றும், பாட்டுப் பட்டியலைத் தவிர வேறொன்றும் எழுத இல்லையென்றால் கலைஞரைப் பற்றிய கட்டுரையோடு சேர்த்துவிடுங்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது, ஆகவே ஆங்கிலத்தில் உள்ளது தமிழுக்கு அப்படியே சட்டமாகாது. என்றாலும் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப்பற்றி எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் பக்கம் அது) விவாதம் வரும்போது ஆட்கள் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான்.

இந்தப் படிக்கல்லில் பாதி நம் ஊர்த் தராசில் ஏறாது. அமெரிக்காவில் 5 இலட்சம் பிரதிக்குத் தங்கச் சான்றிதழ் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறது. இங்கே 80களில் கசட் எப்படிப் பரவியது என்பது உங்கள் மாமாவுக்குத் தெரியும். ஒருவர் ஒரிஜினல் வாங்குவார். றெக்கோடிங் பாரில் வெறும் கசட்டைக் கொடுத்து ஒன்பது பேர் அதைப் பதிந்துகொண்டு போவார்கள். அந்த ஒன்பதிலிருந்து மச்சான்மார் பதிவார்கள். எத்தனை பிரதி என்று பதிந்து கொடுத்தவருக்கே தெரியாது. ஆகவே ‘ஆயிரக்கணக்கில் விற்பனையானது’ என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உண்மையாக இருந்தாலும் காட்ட வழியில்லை. வழியில்லாத ஒரு வரி மற்ற வரிகளின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவரும். யூடியூபில் யாரோ ஏற்றி இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்பதும் அப்படித்தான். பார்த்தவர் எண்ணிக்கை ஒன்றும் எழுதித் தராது.

அப்போ நம்மிடம் என்னதான் இருக்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் என் காலம் போனது.

வெளியீட்டு விழாச் செய்தி. இதைக் கொண்டுவராத ஆள் இல்லை. மங்கிய வெட்டுத்துண்டு ஒன்றைப் படமெடுத்து அனுப்புவார்கள். வாசித்துப் பாருங்கள்: பிரதம அதிதி யார், கௌரவ அதிதி யார், மங்கள விளக்கேற்றியவர் யார், தமிழ்மொழி வாழ்த்துப் பாடியவர் யார், முதற் பிரதியை யாரிடமிருந்து யார் பெற்றார், நன்றியுரை யார். பதினெட்டு வரி. கசட்டைப்பற்றி அதன் பெயரும், “நகைச்சுவை ஒலிநாடா வெளியிட்டு வைக்கப்பட்டது” என்பதும். அந்தக் கசட்டில் என்ன பகிடி, யார் பேசினார், எங்கே பதிந்தார்கள், கேட்டவர் என்ன நினைத்தார், ஒன்றும் இல்லை. இதிலிருந்து விழாவைப்பற்றி ஒரு கட்டுரை எழுதலாம், கசட்டைப்பற்றி எழுத முடியாது. ஆனால் எறிந்துவிடாதீர்கள், திகதிக்கும் இடத்துக்கும் இதைவிட நல்ல சான்று கிடையாது. எங்கள் ஊர்க் கட்டுரைகளில் வருடம்தான் அதிகம் பிழையாகிறது. கசட் உறையில் பெரும்பாலும் வருடம் அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நினைவு மலர். 31ஆம் நாளுக்குக் குடும்பத்தார் அடிக்கும் கல்வெட்டில் இறந்தவர் செய்ததெல்லாம் இருக்கும், கசட்டும் இருக்கும். பிறந்த திகதிக்கும் படித்த பள்ளிக்கும் அதை எடுக்கலாம். கசட்டின் பெருமைக்கு எடுக்க முடியாது, அழுத கண்ணோடு எழுதியது அது. கோவில் கும்பாபிஷேக மலரும் பாடசாலை ஆண்டு மலரும் ஏறக்குறைய இதே வரிசை. பிரதேச சாகித்திய விழா மலர்களைப்பற்றி எனக்கே தீர்மானமான முடிவில்லை. சிலவற்றில் ஊர்க் கலைஞர் அறிமுகம் என்று அவரே எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டிருப்பார்கள். சிலவற்றிலோ ஓர் ஆசிரியர் வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஒப்பிட்டு எழுதியிருப்பார். மலரின் பெயரை வைத்து முடிவு கட்டாமல், அந்தக் கட்டுரையை எழுதியவர் யார், எப்படித் திரட்டினார் என்று பார்ப்பதுதான் என் வழக்கம். எல்லாரும் இதை ஒத்துக்கொள்வார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

உறுதியாக எடுபடுவது, ஞாயிறு இதழ்களில் வந்த விமர்சனம். வீரகேசரி, தினகரன், சிந்தாமணி என்று வாரப் பத்திரிகைகள் கலைப் பக்கம் நடத்தின. நாடகம், புத்தகம், இடைக்கிடை ஒலிநாடாவும் அங்கே பேசப்படும். பகிடிக்கென்றே சுந்தர் நடத்திய சிரித்திரன் சஞ்சிகை இருந்தது. அதில் வந்த சவாரித் தம்பர் கேலிச்சித்திரங்களையும் மகுடி கேள்வி பதில்களையும் வாசித்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பழைய இதழ்களைக் கட்டி வைத்தவர்களும் இருக்கிறார்கள். டொமினிக் ஜீவாவின் மல்லிகைச் சஞ்சிகையையும் பாருங்கள். விமர்சகர் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. திட்டு என்றால் அவர் கடைசிவரை கேட்டிருக்கிறார் என்று பொருள். புகழ்ச்சியைவிட அதில் விஷயம் அதிகம். இன்னொன்று, பல்கலைக்கழக ஆய்வேடுகள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையிலும், கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பிள்ளைகள் ஊர்க் கலைகளை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். மகிடிக் கூத்தின் பகிடியையோ கட்டியகாரனின் பேச்சையோ ஆராய்ந்த ஒருவர், அதன் தொடர்ச்சியாக உங்கள் மாமாவின் கசட்டுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்திருந்தால், உங்களுக்கு அதிர்ஷ்டம். முதுகலை, கலாநிதி ஆய்வேடென்றால் கனம் கூட. இளங்கலை ஒப்படை என்றால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

கலைஞருடைய நேர்காணலுக்கு ஒரு சொல். அவர் வாயால் அவரைப்பற்றிச் சொன்னது என்பதால் சுயாதீனமான சான்றாக எண்ண மாட்டார்கள். பேட்டி கண்டவர் முன்னுரையில் தன் மதிப்பீட்டை எழுதியிருந்தால் அந்தப் பகுதியை எடுக்கலாம். உங்கள் மாமாவுக்கு அரசின் கலாபூஷணம் விருது கிடைத்தது என்றும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அது அவருக்குக் கிடைத்த விருது, கசட்டுக்குக் கிடைத்ததில்லை. ஆளின் பெயர் அவர் தொட்டதற்கெல்லாம் தானாக ஒட்டாது. கசட்டின் பெயர் ஆளுக்கும் ஒட்டாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் நிறுக்கிறார்கள்.

இவ்வளவு சட்டம் பேசுகிறவன் ஒருமுறை நன்றாகச் சறுக்கினேன். சில வருடத்துக்கு முன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துக் கலைஞர்கள் செய்த ஒரு பகிடி ஒலிநாடாவுக்கு யாரோ ஒரு பக்கம் எழுதியிருந்தார். சான்று ஒன்றும் இல்லை, ஒரு யூடியூப் இணைப்பு மட்டும். நான் அரை மணித்தியாலம் இணையத்தில் தேடினேன். “ஒன்றும் அகப்படவில்லை, நீக்கலாம்” என்று பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டுப் படுக்கப் போனேன். இன்னும் இரண்டு பேர் என் சொல்லை நம்பி வழிமொழிந்தார்கள். பக்கம் போய்விட்டது. ஏழெட்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை சிறுகதை ஒன்றைத் தேடி வந்தாள். பழைய ஞாயிறு இதழ்களைக் கட்டிய தொகுதி, தூக்கினால் கை நோகும். தாள் ஓரமெல்லாம் பழுத்து, புரட்டப் புரட்ட மேசையில் முறுக்குத் தூள் மாதிரி உதிர்ந்தது. அவளுக்காக நான் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கத்தின் கீழ் அரைவாசியில் அந்த ஒலிநாடாவின் உறைப் படம். விமர்சனம்! ஒலிநாடாவின் இரண்டாம் பக்கம் இழுபடுகிறது, பெண் குரலில் பேசிய ஆண் கலைஞர் பிரமாதம், பின்னணி உடுக்குச் சத்தம் பேச்சை விழுங்குகிறது என்று மூன்று பத்தி நிரம்ப விமர்சகர் எழுதியிருந்தார். நான் நாள்தோறும் இருக்கும் கதிரையிலிருந்து நாற்பது அடி தூரத்தில், நான் சாவி வைத்திருந்த அலுமாரிக்குள் அது இருந்தது.

பிள்ளை தேடிய சிறுகதை அந்தத் தொகுதியில் இல்லை. நான் தேடாதது கிடைத்தது. அன்று பின்னேரமே நடந்ததைச் சொல்லி மீட்கக் கேட்டேன், பக்கம் திரும்பி வந்தது. சான்று இணையத்தில்தான் இருக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. தாளில் இருந்தாலும் சான்றுதான். கட்டுரையில் இன்னும் போடப்படாமல் எங்கோ இருந்தாலும் கணக்கில் எடுக்கவேண்டும். எனக்கு அது பாடமாகத் தெரியும், ஆனாலும் கூகிளில் தேடிவிட்டு இல்லை என்று எழுதினேன். அன்றிலிருந்து இணையத்தில் இல்லை என்று மட்டும் சொல்லி எதையும் நீக்கக் கேட்பதில்லை. உங்கள் பக்கத்தில் அறிவிப்புப் போட்டவரும் என்னைப்போல அரை மணித்தியாலம் தேடியிருப்பார். அவர்மேல் கோபப்படாதீர்கள், அவருக்கு உங்கள் அலுமாரி தெரியாது.

இதில் எனக்கு இன்னும் தீராத சங்கடம் ஒன்று இருக்கிறது. எழுதியது இருந்தால் காட்டு என்கிற விதி, எழுதியது தப்பிப் பிழைத்த ஊர்களுக்குச் சரி. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் கூரை தப்பிய வீடு குறைவு; நனைந்த புத்தகத்தை எண்ணிய ஆள் இல்லை. 1990இல் போர் மூண்டபோது எத்தனை குடும்பம் கையில் பையோடு மட்டும் ஓடியது. 2004 டிசம்பர் 26 கடல் வந்து நாவலடி, கல்லடி, பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போனது. வெட்டுத்துண்டு ஒட்டி வைத்த கொப்பிகள் அந்த வீடுகளில்தான் இருந்தன. வாய்மொழியையும் சான்றாக எடுக்கலாமா என்று 2011இல் அச்சல் பிரபாலா என்பவரும் கூட்டத்தாரும் விக்கிப்பீடியாவுக்காக மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில் செய்து பார்த்தார்கள். ஆட்களைப் பேசவைத்துப் பதிந்து அதையே மேற்கோளாகக் காட்டினார்கள். நல்ல முயற்சி. ஆனால் பொது வழக்கமாக வேரூன்றவில்லை. எனக்கும் இரண்டு மனம்தான். நாலு பேர் நாலு மாதிரிச் சொல்வதை ஒலிப்பதிவு செய்தால் நாலு மாதிரியும் சான்றாகிவிடும் என்ற பயமும் உண்டு, இல்லையென்றால் எங்கள் ஆட்கள் அப்படியே மறைந்துபோவார்களே என்ற பயமும் உண்டு.

சரி, இனி நீங்கள் என்ன செய்யலாம் என்று வருவோம். முதலாவது, நீங்கள் மருமகன் என்பதைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து மற்றவர்கள் கண்டுபிடித்தால், நல்ல சான்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இரண்டாவது, அறிவிப்பை நீங்களே கழற்றாதீர்கள். ‘கால அவகாசம் வேண்டும், அச்சுச் சான்று தேடுகிறேன்’ என்று எழுதினால் தமிழில் பெரும்பாலும் பொறுப்பார்கள்; ஆங்கிலத்தில் நீக்கல் விவாதம் பெரும்பாலும் ஏழு நாளோடு முடிந்துவிடும், இங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை. தேவைப்பட்டால் கட்டுரையை உங்கள் மணல்தொட்டிக்கு (எழுதிப் பழகும் சொந்தப் பக்கம்) மாற்றித் தரும்படி ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) கேளுங்கள், அங்கே வைத்து ஆறுதலாகத் திருத்தலாம்.

தேடும்போது கசட்டின் பெயரை மட்டும் தேடாதீர்கள். பத்திரிகைக்காரர் பெயரைப் பிழையாகவும் போட்டிருப்பார். மூவரின் பெயரிலும், பதிந்த கலையகத்தின் பெயரிலும் தேடுங்கள். நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005இலிருந்து ஈழத்துப் பத்திரிகை, சஞ்சிகை, மலர்களை ஏற்றி வருகிறது. வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாகப் புரட்டலாம், கண் வலித்தால் மட்டும் என்னைத் திட்டாதீர்கள். வெளியீட்டு விழா நடந்த மாதத்துக்குப் பின் வந்த மூன்று மாத ஞாயிறு இதழ்களை முதலில் பாருங்கள். விமர்சனம் வந்திருந்தால் பெரும்பாலும் அதற்குள்தான் வந்திருக்கும்.

ஒன்றும் அகப்படவில்லையென்றால்? தனிப் பக்கத்தை விட்டுவிட்டு, உங்கள் மாமாவுக்கு ஒரு கட்டுரை நிற்கக்கூடியதாக இருந்தால் அதற்குள் இரண்டு பந்தியாகக் கசட்டைச் சேருங்கள். கசட்டின் பெயரிலிருந்து அங்கே வழிமாற்று வைத்தால் தேடுகிறவர் வந்து சேருவார். அதற்கும் இடமில்லையென்றால், மட்டக்களப்பின் கலை மரபைப்பற்றிய பொதுக் கட்டுரையில் ஒரு வரி. இதை இறக்கமாக நினைக்காதீர்கள். பாட்டுப் பட்டியலும் மூன்று பெயரும் மட்டும் கொண்ட தனிப் பக்கத்தைவிட, நல்ல கட்டுரைக்குள் நிற்கும் இரண்டு பந்தியை அதிகம் பேர் வாசிப்பார்கள். தெரிந்த பத்திரிகையாளரைப் பிடித்து ஒரு கட்டுரை எழுதுவித்து, அதையே சான்றாகக் கொண்டுவரும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். எங்கள் பக்கத்தில் இது நடக்கிறது, வாசித்தால் இரண்டாம் வரியிலேயே தெரியும். அதற்குப் பதிலாக, கூத்தோ நகைச்சுவையோ ஆராயும் ஒருவரிடம் கசட்டைக் கொடுத்துக் கேட்க வையுங்கள். அவர் எழுதினால் எழுதட்டும், விட்டால் விடட்டும்.

உறைப் படத்தை நியாயப் பயன்பாட்டின் கீழ், சிறிய அளவில், கட்டுரை நின்றால் மட்டும் போடலாம். ஒலியை ஏற்றவேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை இருக்கிறது. மூவரும் இணங்கி எழுத்தில் தந்தால் வேறு கதை.

அதைவிட அவசரமான ஒன்று. அந்த ஒரிஜினல் கசட் இன்னும் வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் போட்டுப் பார்க்கவேண்டாம், இன்னும் ஒருமுறை மட்டும் போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். உடைத்திராவிட்டால் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவாகாது. அதற்கு எதிர்ப்பக்கம், நாடா வெளியே தெரியும் விளிம்பின் நடுவில், ஒரு செப்புத் தகட்டில் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு தெரியும். எங்கள் உப்புக் காற்றுக்கு அதன் பசை விட்டுப்போகும்; விழுந்திருந்தால் ஒலி மங்கும், கசட் பழுது என்று எறிந்துவிடுவார்கள். பழுதில்லை, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினால் சரி. இரண்டு பக்கத்தையும் ஒரே இருப்பில் கணினியில் பதிந்து, உறையின் உட்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் ஸ்கான் பண்ணி, நூலக நிறுவனத்தாரின் ஆவணகத்துக்குக் கொடுக்கலாமா என்று மாமாவிடம் கேளுங்கள். அங்கே இருக்க யாருடைய குறிப்பிடத்தக்கமையும் தேவையில்லை.

கசட்டின் பெயரும், வெளியீட்டு விழா நடந்த மாதமும் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். ஓய்வு பெற்றாலும் பழைய அலுமாரிப் பக்கம் போக என்னை விடுவார்கள். வருகிற கிழமை ஒரு சோலியாக அந்தப் பக்கம் போகிறேன், 1984இலிருந்து 87 வரையான தொகுதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.